கல்லும் இரும்பும் கரியும் இல்லாத நாட்டில் ஒரு ரயில்

அடுத்த முறை திருவாரூர் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும்போது, வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டிராமல் சற்றுக் கீழே பாருங்கள். தண்டவாளத்துக்கு அடியில் கருங்கல் ஜல்லி கொட்டிக் கிடக்கிறது அல்லவா? அதில் ஒரு கல்லாவது திருவாரூரில் கிடைத்ததா என்று யோசித்ததுண்டா?

கிடைத்திருக்க முடியாது. திருவாரூரில் கிணறு வெட்டினால் களிமண் வரும், மணல் வரும், கொஞ்சம் ஆழம் போனால் உப்புத் தண்ணீரும் வரலாம், பாறை வராது. காவிரி பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து பரப்பிய வண்டல் மீது நாம் குடியிருக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கற்களே இந்த மண்ணில் பிறந்தவை அல்ல; மேற்கே பாறை உள்ள இடங்களிலிருந்து இழுத்து வரப்பட்டவை. ஜல்லியும் அப்படித்தான் வந்தது. அந்த ஜல்லிக்கு மேலே கிடக்கும் இரும்பும் இந்த மண்ணில் இல்லை. வண்டியை ஓட்ட ஒரு நூற்றாண்டுக்கு மேல் எரித்த நிலக்கரியும் இல்லை.

இரும்பும் நிலக்கரியும் உள்ள இடத்தில்தான் ரயில் பிறந்தது. இங்கிலாந்தின் வடகிழக்கில், சுரங்கத்திலிருந்து ஆற்றுத்துறைக்குக் கரி கொண்டுபோகப் போட்ட பாதைகள்தாம் இன்றைய ரயிலின் மூதாதைகள். 1825ஆம் ஆண்டு ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையில் ஜார்ஜ் ஸ்டீவன்சனின் எஞ்சின் முதலில் இழுத்த சரக்குகளில் முக்கியமானது நிலக்கரி. கரியை எரித்துக் கரியையே சுமந்த வண்டி அது! அப்படிப்பட்ட ஒன்றை நெல்லும் வாழையும் தவிர வேறொன்றும் விளையாத ஒரு சமவெளியில் கொண்டுவந்து ஓட்டினார்கள். எப்படி ஓட்டினார்கள், யார் பணத்தில் ஓட்டினார்கள் என்பதே இந்தக் கட்டுரை.

ஏன் நாகப்பட்டினத்தில் தொடங்கினார்கள்?

கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வே என்ற ஆங்கிலேயக் கம்பெனி 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே வண்டி விட்டது. மறு ஆண்டு அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. சென்னையிலிருந்து தஞ்சைக்கு நேர் ரயில் கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. தலைநகரோடு இணையாத ஒரு பாதையை ஏன் முதலில் போட்டார்கள்?

துறைமுகம் அங்கே இருந்தது என்பதுதான் விடை. நெல்லும் துணியும் வெளியே போகவேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட எளிய காரணம் ஒன்றும் உண்டு: ரயிலே கப்பலில் வரவேண்டியிருந்தது. தண்டவாளம், எஞ்சின், சக்கரம், திருகாணி எல்லாம் பிரிட்டனில் செய்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வந்தவை. சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது என்பதை நினைவில் வையுங்கள். வந்து இறங்கும் இடத்திலிருந்தே பாதையைத் தொடங்கினால், போட்டு முடித்த பாதையின் மீதே அடுத்த தண்டவாளத்தை ஏற்றிக்கொண்டு போகலாம். மாட்டுவண்டி வேண்டாம்.

மாட்டுவண்டி ஏன் வேண்டாம் என்பதை ஓர் இயற்பியல் ஆசிரியன் சும்மா சொல்லிவிட்டுப் போகமுடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மண்சாலையில் ஒரு டன் பாரத்தைச் சக்கரத்தின் மேல் வைத்து உருட்ட ஏறத்தாழ 50 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு நம் ஊர்ச் சேற்றில் அது நூறையும் தாண்டும். சக்கரம் மண்ணை அமுக்கிப் பள்ளம் செய்கிறது, பள்ளத்திலிருந்து ஏறுகிறது, மறுபடி பள்ளம் செய்கிறது. மாடு கொடுக்கும் ஆற்றலில் பெரும்பகுதி மண்ணை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் உருளும்போது இரண்டும் மிகக் குறைவாகவே அமுங்குகின்றன. அச்சின் உராய்வையும் காற்றின் தடையையும் சேர்த்துக்கொண்டால்கூட, அந்தக் காலத்து வண்டிக்கு டன்னுக்கு 5 கிலோ இழுவிசை போதும். பத்தில் ஒரு பங்கு!

நம் சமவெளி இன்னொரு உதவியும் செய்தது. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாகையிலிருந்து ரயிலில் 80 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு மீட்டர் போனால் முக்கால் மில்லிமீட்டர்தான் ஏற்றம். காவிரித் தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாகக் கடைமடைக்குக் கொண்டுசெல்வதும் இதே முக்கால் மில்லிமீட்டர் சரிவுதான். எஞ்சினுக்கு அது ஏற்றமாகவே தெரியாது. மலைப்பாதையில் நூற்றுக்கு ஒன்று ஏற்றம் வந்தாலே டன்னுக்குப் பத்துக் கிலோ கூடுதலாக இழுக்கவேண்டும். இங்கே முக்கால் கிலோ.

அரை டன் கரி, ஒரு டன் விறகு

இப்போது எஞ்சினின் வயிற்றுக்கு வருவோம். 200 டன் எடையுள்ள ஒரு வண்டி நாகையிலிருந்து தஞ்சைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு 5 கிலோ வீதம் இழுவிசை 1,000 கிலோ எடை, அதாவது சுமார் 10,000 நியூட்டன். தூரம் 80,000 மீட்டர். வேலை என்பது விசையைத் தூரத்தால் பெருக்குவது. 80 கோடி ஜூல்.

நல்ல நிலக்கரி ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3 கோடி ஜூல் வெப்பம் வெளிவரும். எண்பதை மூன்றால் வகுத்தால் 27 கிலோ கரி. ஒரு மூட்டைகூட இல்லையே என்று ஆச்சரியப்படாதீர்கள், கணக்கு இன்னும் முடியவில்லை. நீராவி எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கைத்தான் இழுவையாக மாற்றுகிறது. மீதிப் பத்தொன்பது பங்கு புகைபோக்கி வழியாகவும் நீராவியாகவும் காற்றோடு போகிறது. ஆகவே 27ஐ 20ஆல் பெருக்குங்கள்: 540 கிலோ. ஏறத்தாழ அரை டன்.

அந்த அரை டன்னும் வங்காளத்து ராணிகஞ்சிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ கடல் வழியாக வரவேண்டும். கப்பல் கூலி கரியின் விலையைத் தின்றுவிடும். எனவே தென்னிந்திய ரயில்கள் நெடுங்காலம் விறகையும் எரித்தன. உலர்ந்த விறகு கிலோவுக்கு ஒன்றரைக் கோடி ஜூல்தான் தரும், கரியில் பாதி. ஆக, ஒரே ஒரு வண்டி ஒரு முறை தஞ்சைக்கு வர ஒரு டன்னுக்கு மேல் விறகு. தினம் எத்தனை வண்டிகள், ஆண்டுக்கு எத்தனை நாள் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். கல்லும் கரியும் மட்டுமல்ல, காடும் இல்லாத நாடு நம்முடையது.

பரங்கிப்பேட்டையின் ஆறிய உலை

இங்கே கொஞ்சம் பாதை விலகிப் போகிறேன், போய்த்தான் ஆகவேண்டும்.

நாகையில் கப்பலிலிருந்து இரும்பு இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், வடக்கே 80 கிலோமீட்டர் தொலைவில் ஓர் இரும்பாலை மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள பரங்கிப்பேட்டைதான் அந்த இடம். ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு 1830இல் அங்கே ஊதுலை கட்டினார். சேலத்துக் கஞ்சமலைப் பக்கத்தின் இரும்புக்கல் உயர்ந்த ரகம். அதைப் பரிசல்களில் ஏற்றிக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மிதக்கவிட்டுக் கான்சாகிப் வாய்க்கால் வழியாகப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு இருக்கும்போது இழுவிசைக்கு ஏது செலவு? நல்ல யோசனைதான்.

ஆனால் இரும்புக்கல்லில் இரும்பு ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்திருக்கிறது. அந்த ஆக்சிஜனைப் பறித்தெடுக்கக் கார்பன் வேண்டும். இரும்பை உருக்க வெப்பமும் வேண்டும். இரண்டையும் தருவது கரி. இங்கிலாந்தில் அதற்கு நிலக்கரியிலிருந்து செய்த கோக் இருந்தது. இங்கே மரக்கரிதான். ஒரு டன் வார்ப்பிரும்புக்கு இரண்டு டன் மரக்கரி என்று வைத்தாலும், அந்த மரக்கரிக்கு எட்டுப் பத்து டன் விறகு வேண்டும். அருகிலிருந்த காடு தீரத் தீர விறகு தூரத்திலிருந்து வரவேண்டியிருந்தது. தூரம் கூடக் கூட விலை கூடியது. ஹீத் கடனில் மூழ்கினார். ஆலை கை மாறியது. 1860களில் உலை ஆறிவிட்டது.

அதாவது, தஞ்சைக்கு ரயில் வந்த அதே பத்தாண்டில். சேலத்துத் தாதுவில் வடித்த இரும்பு தஞ்சைப் பாதையில் தண்டவாளமாகக் கிடந்திருக்கலாம். ஆங்கிலேயக் கம்பெனி, ஆங்கிலேயத் தண்டவாளம், ஆங்கிலேயக் கப்பல் என்று இருந்தபோது அதைக் கேட்க ஆள் இல்லை. கேட்டிருந்தாலும் விறகில் வடித்த இரும்பு கோக்கில் வடித்த இரும்போடு விலையில் போட்டியிட்டிருக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

ஹீத்தின் கதை அதோடு முடியவில்லை. இங்கிலாந்து திரும்பிய அவர், உருக்கு வடிக்கும்போது சிறிது மாங்கனீசைச் சேர்த்தால் உருக்கு உயர்தரமாகிறது என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். மாங்கனீசு உருக்கில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனையும் கந்தகத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஷெப்பீல்டு நகரத்து உருக்காலைகள் இந்த முறையால் கொழித்தன. ஹீத்துக்குக் கிடைத்தது ஆண்டுக்கணக்கான வழக்கு. 1851இல் அவர் இறந்தார்.

தண்டவாளம் நகர்கிறது

கம்பெனிக்கு நட்டம் வருமோ என்ற கவலை இருக்கவில்லை. போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டிக்கு அரசாங்கம் பொறுப்பு ஏற்றிருந்தது. ரயில் சம்பாதித்தால் சரி. சம்பாதிக்காவிட்டால் வரிப்பணத்திலிருந்து கொடுக்கவேண்டும். இந்த ஏற்பாட்டில் சிக்கனத்துக்கு யாருக்கு அக்கறை வரும்? செலவு ஏறிக்கொண்டே போனதைப் பார்த்த அரசாங்கம் 1870ஐ ஒட்டி, இனிப் புதிய பாதைகள் பலவற்றை ஒடுக்கமாகப் போடலாம் என்று தீர்மானித்தது. அதுவரை தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். இனி 1,000 மில்லிமீட்டர்.

சரியாக ஒரு மீட்டரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? அப்போது இந்தியாவுக்கு மெட்ரிக் முறை விரைவில் வரப்போவதாக எண்ணினார்கள். ரயில் மீட்டருக்கு மாறிவிட்டது. நாடு மாறுவதற்கு 1950கள் ஆயின! இடைப்பட்ட எண்பது ஆண்டுகள் நம் மக்கள் மீட்டர் பாதையில் பயணம் செய்துகொண்டு, கெஜத்தில் துணி வாங்கினார்கள்.

1874இல் பழைய கம்பெனி இன்னொன்றோடு சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆகியிருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கி வந்த புதிய பாதை மீட்டர் பாதை. நாகைப் பாதை அகலமாகவே இருந்தால், சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு நெல் மூட்டையையும் இறக்கி ஏற்றவேண்டும். ஆகவே 1875க்கும் 1879க்கும் இடையில், போட்டு இருபது ஆண்டுகூட ஆகாத அகலப்பாதையைப் பெயர்த்து மீட்டர் பாதை ஆக்கினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, அதே பாதையை மறுபடி அகலமாக்கினோம். 1990களில் தொடங்கிய அந்த வேலை தஞ்சையிலிருந்து விழுப்புரம் வரையிலான முதன்மைப் பாதையில் 2010இல் முடிந்தது. ஒரே பாதை, மூன்று முறை. இந்தியாவில் இப்படி ஒடுங்கி விரிந்த பாதைகள் அதிகமில்லை.

காலணா ரயில்

நான் மிகவும் விரும்பும் பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன்.

கம்பெனிப் பாதை மேற்கு–கிழக்காகப் போயிற்று. நம் ஆறுகளும் மேற்கு–கிழக்காகவே போகின்றன. ஆற்றோடு ஒட்டிப் போகும் பாதைக்குப் பாலம் குறைவு. வடக்கு–தெற்காகப் போகவேண்டுமென்றால் அரசலாறு, திருமலைராசன் ஆறு, வெட்டாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு என்று ஒவ்வொன்றையும் தாண்டவேண்டும். நடுவில் உள்ள வாய்க்கால்களுக்குக் கணக்கே இல்லை. கரையை உயர்த்திப் போட்டால் அது தண்ணீர் வடிவதைத் தடுக்கும் அணையாகிவிடும். ஒரு பக்கத்து வயல் மூழ்கும், மறுபக்கத்து வயல் காயும். எனவே மதகுக்கு மேல் மதகு. எந்தக் கம்பெனி வரும்?

தஞ்சாவூர் ஜில்லா போர்டு தானே முன்வந்தது. நிலத்தின் ஆண்டு மதிப்பில் ரூபாய்க்கு 3 பை வீதம் ரயிலுக்கென்று ஒரு தனி வரி விதித்தது. அந்தக் காலத்து ரூபாயில் 192 பை. 3 பை என்றால் உங்கள் பாட்டனார்கள் சொன்ன காலணா. ரூபாயில் 64இல் ஒரு பங்கு. அந்தக் காலணாக்கள் சேர்ந்து, மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை சுமார் 54 மைல் நீளத்துக்கு மீட்டர் பாதை ஆயின. 1894இல் வண்டி ஓடியது. 1902இலும் 1903இலும் பாதை பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று நீண்டது. ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே. சொந்தக்காரர் ஜில்லா போர்டு. லண்டன் பங்குதாரருக்கு 5 சதவீதம் உறுதிசெய்து போட்ட பாதைக்கும், வலங்கைமான் மிராசுதாரரும் திருத்துறைப்பூண்டிச் சிறு விவசாயியும் காலணா போட்டுப் போட்ட பாதைக்கும் உள்ள வேறுபாட்டை வரலாற்று ஆசிரியரிடம் கேளுங்கள்; ஒரு மணி நேரம் பேசுவார். அந்த வரியைக் கட்டியவர் நிலத்துக்காரர் என்றாலும், குத்தகைக்காரர் முதுகில் அது எவ்வளவு இறங்கியது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு கிளை வேதாரணியத்துக்குப் போயிற்று, அது உப்புக்காக. பேரளத்திலிருந்து ஒரு கிளை 1898இல் பிரெஞ்சுக்காரர்களின் காரைக்காலுக்குப் போயிற்று.

நாகையின் பட்டறை

இரும்பு விளையாத நாட்டிலும் ரயில் ஓர் இரும்புத் தொழிலை உண்டாக்கியது. எஞ்சின் தேயும், சக்கரத்தைக் கடையவேண்டும், கொதிகலனின் குழாய்களை மாற்றவேண்டும், வார்ப்படம் ஊற்றவேண்டும். நாகப்பட்டினத்தில் ரயில்வே பட்டறை எழுந்தது. கொல்லரும் கடைசல்காரரும் கொதிகலன் வேலைக்காரரும் கொண்ட ஒரு தொழிலாளர் கூட்டமே அங்கே உருவாயிற்று. கடல் காற்றின் உப்பு இரும்பைத் தின்றுகொண்டே இருக்க, இவர்கள் அதைச் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1920களின் பிற்பகுதியில் கம்பெனி தன் பட்டறைகளை ஒன்றுசேர்த்துத் திருச்சிக்கு அருகே பொன்மலையில் பெரிய பணிமனை கட்டியது. பாதைகள் வந்து கூடும் நடு இடம் அது. பொறியியல் முறையில் தவறு சொல்லமுடியாது. ஆனால் ஆள்குறைப்பும் கூடவே வந்தது. 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை சென்றார்கள். வேலைநிறுத்தம் சில நாட்களில் முறிக்கப்பட்டது. பட்டறை பொன்மலைக்குப் போயிற்று. நாகையின் தெருக்களிலிருந்து ஒரு தலைமுறைத் தொழிலாளர் போனார்கள்.

பொன்மலை இன்றும் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்கு 2021இல் ஒரு புதிய நீராவி எஞ்சினை அங்கே செய்து முடித்தார்கள், நிலக்கரியில் ஓடுவது. நாகையில் தொடங்கிய கைவேலையின் தொடர்ச்சி அதில் எங்கோ இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

கரி திரும்பி வந்தது

நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது டெல்டாவில் நீராவி எஞ்சின்கள் இன்னும் மீதமிருந்தன. சன்னல் ஓர இருக்கைக்குச் சண்டை போட்டு உட்கார்ந்தால், அரை மணியில் கண்ணில் கரித்துகள் விழும். அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயால் ஊதி ஒற்றடம் கொடுப்பாள். நிலையத்துக்கு வெளியே, எஞ்சின் கொட்டிய சாம்பலில் பாதி எரிந்த கரியைக் கூடையில் பொறுக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன பத்தொன்பது பங்கில் கொஞ்சம் அவர்கள் அடுப்புக்குப் போயிற்று.

நீராவி போய், டீசல் வந்து, இப்போது மின்கம்பியும் வந்துவிட்டது. கரி போய்விட்டது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. காரைக்காலில் 2009இல் புதிய துறைமுகம் திறந்தது. அது அதிகமாக இறக்கும் சரக்குகளில் ஒன்று வெளிநாட்டு நிலக்கரி. 2011 டிசம்பரில் நாகூருக்கும் காரைக்காலுக்கும் இடையே அகலப்பாதை திறந்தார்கள். சுமார் 58 பெட்டிகள், பெட்டிக்குச் சுமார் 60 டன். ஒரே வண்டியில் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு டன் கரி நாகூர், நாகை, திருவாரூர், தஞ்சை வழியாக மேற்கே மின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் போகிறது. 1861இல் கரி எஞ்சினின் உணவாக ஏறியது; இன்று சரக்காக ஏறுகிறது. பிறந்தபோது ரயில் செய்த வேலையைத்தான், ஒன்றரை நூற்றாண்டு கழித்து நம் ஊரில் செய்கிறது.

நாகூரில் குடியிருப்போர் கரித்தூசு வீட்டுக்குள் படிகிறதென்று பல முறை முறையிட்டிருக்கிறார்கள். தூசு எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு மெதுவாகக் கீழே இறங்கும், அவ்வளவு தூரம் காற்றில் போகும், அவ்வளவு ஆழமாக நுரையீரலுக்குள் செல்லும். குவியல் மீது தண்ணீர் தெளிப்பதும், பெட்டியின் மேல் மூடி போடுவதும் இதற்காகத்தான். அவற்றைச் செய்கிறார்களா என்று பார்ப்பது அந்த ஊர் மக்களின் உரிமை. அறிவியல் படித்தவர் அவர்களோடு சேர்ந்து அளந்து பார்க்கலாம்.

காலணாப் பாதையின் பிற்காலம் வேறு விதம். அகலப்படுத்துவதற்காக மூடியவை வருடக்கணக்கில் மூடியே கிடந்தன. திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு மீண்டும் வண்டி வந்தது 2019இல். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம் வழியாக அகஸ்தியம்பள்ளிக்குப் போகும் உப்புப் பாதை 2004இல் நின்று, 2023 ஏப்ரலில்தான் திறந்தது. பத்தொன்பது ஆண்டு! அந்தப் பக்கத்தில் ரயிலையே பார்க்காமல் கல்லூரி வரை வந்த மாணவர்களை என் வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். 1980களில் மூடிய பேரளம்–காரைக்கால் பாதையில் இப்போது அகலத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். அதே பத்தாண்டில் மூடிய மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதையில் ஒன்றும் இல்லை.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பழைய தண்டவாளத் துண்டுகளை நம் ஊர்களில் வேலிக்காலாகவும், மதகின் குறுக்குச் சட்டமாகவும், பழைய கட்டடங்களில் உத்தரமாகவும் வைத்திருப்பார்கள். ஓடும் பாதைக்குள் இறங்காதீர்கள். அது ஆபத்து, குற்றமும்கூட. ஊருக்குள்ளேயே தேடுங்கள். தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியில், துருவுக்கு அடியில், எழுத்துகள் புடைத்து நிற்கும்: செய்த ஆலையின் பெயரும் ஆண்டும். மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து தாளில் விழும். சாக்சியில் டாட்டா ஆலை உருக்கு வடிக்கத் தொடங்கியது 1912இல். உங்களுக்குக் கிடைத்த ஆண்டு அதற்கு முந்தியதா பிந்தியதா என்று பாருங்கள். முந்தியது என்றால் அந்த இரும்பு கடல் தாண்டி வந்தது.

என் வீட்டுப் பக்கத்து மதகில் கிடைத்தது 1890களைச் சேர்ந்தது. ஊர் மாயவரம் பாதைக்கு மிக அருகில்.